ஜூலை முதல் தேதிக் கட்டு

வாஷிங்டன்
1881 ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த முறை நல்ல செய்தியோடு எழுதுகிறேன். அண்ணனுடைய மன்னிப்பு மனு எங்கள் அலுவலகத்தின் எல்லா மேசைகளையும் தாண்டிவிட்டது. பாதிரியார் ஊரில் வாங்கி அனுப்பிய அறுபத்து மூன்று கையெழுத்துகளையும் எங்கள் மேலதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். தண்டனை கொடுத்த நீதிபதியே, இவரை விட்டுவிடலாம் என்று கடிதம் எழுதியிருக்கிறார். மன்னிப்புப் பத்திரம் எழுதும் வேலையை என்னிடம் கொடுக்கவில்லை. ஒரே குடும்பப் பெயர் என்பதால் பக்கத்து மேசைக்காரர் எழுதினார். பத்திரக் கட்டைச் சரிபார்த்து, நாடா கட்டி, ஜனாதிபதி மாளிகைக்கு அனுப்புவது மட்டும் வழக்கம்போல என் வேலை.

"தபால் வண்டிக்காரர் அசாகேல் பிரிண்டில், தன் பொறுப்பில் இருந்த தபால் மூட்டையைப் பதினோரு நாள் கைவிட்ட குற்றத்துக்காக ஓராண்டுச் சிறை பெற்றவர்" என்று பத்திரத்தில், ஜனாதிபதி பெயருக்குக் கீழே, எழுதியிருக்கிறது. அந்தப் பதினோரு நாளும் அவர் எங்கே இருந்தார், குழந்தை டெலியா எப்படி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள் என்பது அடுத்த இரண்டு வரியில். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

இனி வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. ஜனாதிபதி சனிக்கிழமை காலை ரயிலேறி இரண்டு வார ஓய்வுக்குப் போகிறார். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை எங்கள் கட்டு அவர் மேசைக்குப் போகும். புல் அறுப்புக்கு அண்ணன் வீட்டில் இருப்பார். இருமல் என்று எழுதியிருந்தீர்கள். நம் மலைக்காற்று பட்டால் சரியாகிவிடும்.

உங்கள்
லெமுவேல்


ஹார்லோ கார்னர்ஸ், வெர்மான்ட்
1881 ஜூலை 6

தம்பி லெமுவேலுக்கு,

சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போயிருந்தேன். ஜனாதிபதியை ரயில் நிலையத்தில் சுட்டுவிட்டார்கள் என்று தந்தி வந்ததாகச் சொன்னார்கள். கையில் இருந்த முட்டைக் கூடையைக் கீழே வைத்தது ஞாபகம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்தது ஞாபகம் இல்லை. நாலாம் தேதி சுதந்திர தின விழாவை நிறுத்திவிட்டு எல்லாரும் கோயிலுக்குப் போனோம்.

முழங்காலில் நின்று அவருக்காகத்தான் ஜெபித்தேன், சத்தியமாக. ஆனால் மனசு வெள்ளிக்கிழமையையே சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டாரா? ஒரே ஒரு வரி எழுது, போதும். போன ஞாயிற்றுக்கிழமை சிறையில் உன் அண்ணனைப் பார்த்தபோது கைக்குட்டையை என் கண்ணில் படாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

அண்ணி
லவைனா


வாஷிங்டன்
1881 ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

போடவில்லை. அண்ணனுடைய காகிதம் வெள்ளிக்கிழமை அந்த மேசைக்குப் போய்ச் சேரவில்லை. காரியங்கள் சில நேரம் அப்படி ஆகிவிடுகின்றன.

மனம் தளர வேண்டாம். ஜனாதிபதியின் வைத்தியர்கள் தினமும் மூன்று வேளை நாடித் துடிப்பும் காய்ச்சலும் எழுதி மாளிகை வாசலில் ஒட்டுகிறார்கள். முன்னேற்றம் என்றுதான் எழுதுகிறார்கள். அவர் படுத்திருக்கும் அறையில் வெயில் தெரியக் கூடாது என்று டன் கணக்கில் ஐஸ் இறக்கி, அதன் மேல் காற்றை ஊதி அனுப்ப ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் எழுந்து உட்காருவார் என்கிறார்கள். உட்கார்ந்ததும் போகிற முதல் பத்திரக் கட்டுக்குள்ளேயே நம் காகிதம் இருக்கும்.

லெமுவேல்


ஹார்லோ கார்னர்ஸ்
1881 ஆகஸ்ட் 3

தம்பி லெமுவேலுக்கு,

நீ சொன்ன இரண்டு வாரம் போய் இன்னும் ஒரு வாரமும் ஆகிவிட்டது. புல்லை நானும் பக்கத்து வீட்டு ரஸ்கின் மாமாவும் அறுத்து முடித்தோம். பாதி மழையில் நனைந்துவிட்டது.

நேற்று சிறைக்குப் போய் வந்தேன். ரயிலில் போக அரை நாள், வர அரை நாள், பேசப் பதினைந்து நிமிஷம். அவரைத் துடைப்பம் கட்டும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம். படுக்கைகள் போட்ட நீளமான கூடத்தில் இருக்கிறார். அங்கே ஜன்னல் திறக்காது. நான் ஐஸ் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார், சிரித்தது இருமலாகிவிட்டது. "அவருக்கு நல்லா வைக்கட்டும். நல்ல மனுஷன். நான் ஓட்டுப் போட்ட ஆளு" என்றார்.

போன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஏற்கெனவே இரண்டு தடவை ஜனாதிபதியாக இருந்த பழைய ஜெனரலை மூன்றாம் முறையும் நிறுத்தலாம் என்று சிலர் கிளம்பியபோது, கடையில் உட்கார்ந்து அவர்களோடு சண்டை போட்டவர் உன் அண்ணன். "முதல் ஜனாதிபதியே ரெண்டு தடவை போதும்னு வீட்டுக்குப் போனாரு. வீட்டுக்குப் போகத் தெரியணும்யா" என்று மேசையைத் தட்டினார். இத்தனை தடவைதான் இருக்கலாம் என்று யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு, நடுவில் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கத் தெரியாதா? துணை ஜனாதிபதி என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் எதற்கு இருக்கிறார்? பேனா பிடிக்க அவருக்குக் கை இல்லையா? இங்கே பண்ணைக்காரர் காலை ஒடித்துக்கொண்டால் மாட்டை மறுநாள் யார் கறப்பது என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

நீ அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாய். யாரையாவது கேள்.

லவைனா


வாஷிங்டன்
1881 ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்டேன். ஒருவர் விடாமல் கேட்டேன். கேட்டவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொன்னார்கள்.

ஜனாதிபதி நீக்கப்பட்டாலோ, இறந்தாலோ, விலகினாலோ, கடமையைச் செய்ய இயலாமல் போனாலோ, அது துணை ஜனாதிபதியைச் சேரும் என்று அரசியல் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. இயலாமல் போய்விட்டது என்று யார் சொல்ல வேண்டும் என்பது அதில் இல்லை. ஜனாதிபதியே சொல்ல வேண்டுமா, அமைச்சர்களா, சட்டம் இயற்றும் காங்கிரஸ் சபையா, தெரியாது. சேருவது வேலை மட்டுமா, பதவியேவா என்பதும் தெளிவில்லை. வேலை மட்டும் என்றால் குணமானதும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பதவியே என்றால் ஒரு தடவை கைமாறியது மாறியதுதான். பிழைத்து எழுந்து வருகிற மனிதர் தன் நாற்காலியில் இன்னொருவரைப் பார்ப்பார். அமைச்சர்கள் ஏழு பேரும் இதைப் பேசிப் பேசி முடிவில்லாமல் எழுந்து போகிறார்கள் என்று கேள்வி.

துணை ஜனாதிபதியும் வர மாட்டார். கட்சிக்குள் எதிர்க் கோஷ்டியைச் சமாதானப்படுத்த அவரைச் சேர்த்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். சுட்டவன் பிடிபட்டபோது, இனி அவர்தான் ஜனாதிபதி என்று சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அவர் எப்படி அந்த மேசைப் பக்கம் வருவார்? நியூயார்க்கில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். அவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அடுத்தது செனட்டின் தற்காலிகத் தலைவர், அதற்கும் அடுத்தது பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். இப்போது அந்த இரண்டு நாற்காலியும் காலி. காங்கிரஸ் டிசம்பரில்தான் கூடும்.

நான்கு நாளைக்கு முன்னால் ஜனாதிபதி ஒரே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டில் பிடிபட்ட ஒரு குற்றவாளியைக் கேட்டு வாங்கும் காகிதம் அது. அவரால் எழுத முடிகிறது என்று உலகத்துக்குக் காட்ட ஒன்று வேண்டியிருந்தது, அதைப் பொறுக்கி எடுத்தார்கள். இரண்டாவது காகிதத்தை உள்ளே அனுப்ப வைத்தியர்கள் விடவில்லை. நான் நம்முடையதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்த மாளிகை வாசலில் நின்றேன்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். அண்ணன் ஓட்டுப் போட்டது ஜனாதிபதிக்கு இல்லை. நம் மாநிலத்தின் ஐந்து தேர்வாளர்களுக்கு. ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும் ஓட்டுப் போட்டது அந்த ஐந்து பேர்.

லெமுவேல்


ஹார்லோ கார்னர்ஸ்
1881 ஆகஸ்ட் 29

திரு. லெமுவேல் பிரிண்டில் அவர்களுக்கு,

உங்கள் திருத்தம் கிடைத்தது. அந்த ஐந்து பேரில் ஒருவர் இங்கிருந்து ஒன்பது மைல் தூரத்தில் பளிங்குச் சுரங்கம் வைத்திருக்கிறார். நடந்தே போனேன். நல்ல மாதிரி மனிதர், உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். நீங்கள் ஓட்டுப் போட்ட துணை ஜனாதிபதிக்கு ஒரு வரி எழுதக் கூடாதா என்று கேட்டேன். "எங்க வேலை டிசம்பர்ல ஒரே நாள்தாம்மா. ஓட்டு எழுதினோம், உறையில போட்டு முத்திரை வெச்சு அனுப்பினோம், வீட்டுக்கு வந்துட்டோம். இப்போ எனக்கும் உனக்கும் ஒரே அதிகாரம்தான்" என்றார். "உங்களுக்கு ஓட்டாவது இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை எழுத நான் உட்காரவில்லை. வேறு ஒன்று கேட்க வேண்டும்.

சிறையில் உங்கள் அண்ணனுடைய பக்கத்துப் படுக்கையில் ஓபேத் டட்டில் என்று ஒருவர் இருந்தார். ஜூலை மாதம் நடுவில் அவருக்கு மன்னிப்பு வந்து விடுதலையாகிப் போனார். சொன்ன சொல்லை மறக்காமல் போன வாரம் ஒரு கூடை ஆப்பிளோடு இவரைப் பார்க்க வந்திருக்கிறார். பேச்சுவாக்கில் தன் பத்திரத்தைக் காட்டினாராம். ஜனாதிபதியின் கையெழுத்து, தேதி ஜூலை 1. வெள்ளிக்கிழமை.

ஆகவே வெள்ளிக்கிழமைக் கட்டு போயிருக்கிறது. கையெழுத்தும் ஆகியிருக்கிறது. எங்கள் காகிதம் மட்டும் போய்ச் சேரவில்லை என்று எழுதினீர்கள். கட்டைக் கட்டுவது நீங்கள். எப்படிச் சேராமல் போனது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். எனக்குத் தெரிய வேண்டும்.

லவைனா பிரிண்டில்


வாஷிங்டன்
1881 செப்டம்பர் 5

அண்ணிக்கு,

நான்தான் எடுத்தேன்.

வியாழக்கிழமை மாலை கட்டைச் சரிபார்த்தபோது நீதிபதியின் கடிதத்தில் தேதி இல்லை என்று கவனித்தேன். மற்றவர்களுடையதாக இருந்தால் அப்படியே விட்டிருப்பேன். தேதி இல்லாத கடிதங்கள் எத்தனையோ போயிருக்கின்றன. ஆனால் மேலே பிரிண்டில் என்று எழுதியிருந்தது. மார்ச்சில் புது ஆட்சி வந்ததிலிருந்து இங்கே ஒவ்வொரு மேசைக்கும் வேலை கேட்டுப் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். தேதி இல்லாத காகிதத்தைத் தம்பி கட்டுக்குள் நுழைத்துவிட்டான் என்று ஒருவன் சொன்னால் போதும், என் வேலையும் போகும், அண்ணன் காகிதத்துக்கும் கறை ஏறும் என்று நினைத்தேன். நீதிபதிக்குத் தேதி கேட்டு எழுதிவிட்டு, ஜனாதிபதி ஓய்வு முடிந்து வந்ததும் முதல் கட்டுக்குள் வைக்கலாம் என்று எடுத்துத் தனியாக வைத்தேன். பதினைந்து நாள் தாமதம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேர்மையான காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் கட்டோடு நான்கு பத்திரங்கள் போயின. நான்கு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். தேதியோடு நீதிபதியின் கடிதம் ஜூலை 7 அன்று வந்தது.

ஜனாதிபதியை நாளைக்குக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவர் தங்கப்போகும் வீட்டு வாசல்வரை ரயில் போக ஒரே ராத்திரியில் தண்டவாளம் போடுகிறார்கள். அவர் எழுந்துவிட வேண்டும் என்று நான் ஜெபிக்கிறேன். என் ஜெபத்துக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை.

லெமுவேல்


ஹார்லோ கார்னர்ஸ்
1881 செப்டம்பர் 22

திரு. பிரிண்டில் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் அடுப்பில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை கோயில் மணி அடித்தது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. நான் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். ரஸ்கின் மாமா வேலி ஓரம் வந்து, "போயிட்டாரும்மா. அந்தத் துணை ஜனாதிபதி வீட்டிலேயே சத்தியப்பிரமாணம் எடுத்துக்கிட்டாராம்" என்றார். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இனிமேல் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் இதற்குமேல் என்னை மதித்தாலும் மதிக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்தே நான் அந்த மனிதர் சாகட்டும் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்று எழுந்து உட்காரட்டும், இல்லையென்றால் போகட்டும், இப்படி நடுவில் கிடந்து எங்களையும் கிடத்த வேண்டாம் என்று. அவருக்கு ஐந்து பிள்ளைகள். அவர் மனைவி எண்பது நாள் கட்டில் பக்கத்திலேயே இருந்தாளாம். நான் டெலியா பக்கத்தில் பத்து நாள் இருந்தவள். தெரிந்துகொண்டே நினைத்தேன். இன்றைக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கோயிலில் உட்கார்ந்தபோது என் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்றிருந்தது.

அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தது யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மேல் கோபப்படலாம், அவர்கள் செத்து ரொம்ப நாளாகிவிட்டது. சுட்டவன் மேல் கோபப்படலாம், அவன் மேல் ஒரு நாடே கோபப்படுகிறது. நீங்கள்தான் மிச்சம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டெலியாவைப் பதினோராம் நாள் புதைத்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் உங்கள் அண்ணன் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு பனியில் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். ஒரு கடிதமும் தவறவில்லை. நீதிமன்றத்தில் ஏன் கைவிட்டாய் என்று கேட்டபோது, "என் மகள் கையைப் பிடிச்சிருந்தா" என்றார். அதற்கு ஒரு வருஷம். உங்கள் கையை யார் பிடித்திருந்தார்கள்?

லவைனா பிரிண்டில்


வாஷிங்டன்
1881 அக்டோபர் 12

அண்ணிக்கு,

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பழைய பத்திரம் செல்லாது என்றார்கள். அது இறந்துபோன ஜனாதிபதி பெயரில் ஆரம்பிக்கிறது. புது ஜனாதிபதி பெயரில் திரும்ப எழுத வேண்டும். அமைச்சர்கள் எல்லாரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டதால், யார் பரிந்துரைப்பது என்று ஒரு வாரம் போனது. அதுவரை நிலுவையில் இருந்த மனுக்கள் மேசைப் பக்கத்தில் என் இடுப்பு உயரத்துக்கு நின்றன. வரிசைப்படிதான் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு.

நான் வரிசைப்படி எடுக்கவில்லை. பக்கத்து மேசைக்காரரைக் கேட்காமல் பத்திரத்தை நானே என் கையால் எழுதினேன். மேலதிகாரியிடம் கொண்டுபோய், "இது என் அண்ணன். முதலில் இது போகணும். அதுக்கப்புறம் என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க" என்றேன். அவர் வாங்கிப் படித்தார். "இதை ஜூன்லயே சொல்லியிருக்கலாமே பிரிண்டில்" என்றார். கட்டின் மேலே வைத்தார்.

நேற்று கையெழுத்தாகி வந்தது. முழுமையான, நிபந்தனையற்ற மன்னிப்பு. தபாலில் அனுப்பவில்லை. நானே கொண்டுவருகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சிறை வாசலில் இருங்கள், ஸ்டேஷன்வரை ஒரு வண்டி பேசிவையுங்கள், கம்பளியும் கொண்டுவாருங்கள். ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன்.

லெமுவேல்


ஹார்லோ கார்னர்ஸ்
1881 நவம்பர் 10

லெமுவேல்,

சிறைக் காவலரிடம் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு நீ எதிர்ப்பக்கம் மரத்தடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி வண்டியைத் திருப்பச் சொன்னேன். அவரைத் தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது, அதில் ஒருவனாகக்கூட நீ வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அவரைச் சமையலறையில் அடுப்புப் பக்கம் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன். நல்ல நாளில் தலையணை வைத்து உட்காருகிறார். ஊரார் வந்து பார்க்கிறார்கள். தபால் வழியை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவன்கூட வந்து, குதிரை எந்த மேட்டில் நின்றுவிடுகிறது என்று கேட்டுவிட்டுப் போனான். பத்திரத்தை ஒரு தடவை படித்தார். சிவப்பு முத்திரையைத் தடவிப் பார்த்தார். மடித்து என்னிடம் கொடுத்தார்.

நேற்று திடீரென்று கேட்டார். "அன்னிக்கு மரத்தடியில நின்னான்ல? ஏன் கிட்ட வரல?"

யாரும் நிற்கவில்லை என்றேன்.

"பொய் சொல்லாத லவைனா. அவன் எழுதினதெல்லாம் அந்த டப்பாவுல இருக்கு, நீ மாட்டுக்குப் போனப்போ படிச்சுட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவன் சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். தப்புன்னு யாராச்சும் சொல்லிடுவாங்களோன்னு பயந்தே தப்புப் பண்ணுவான். எழுது அவனுக்கு. வரச் சொல்லு."

எனக்கு அப்படிச் சுலபமாக வரவில்லை. அவருக்கு உன் மேல் கோபம் இல்லாதது எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது. ஜூலை ஒன்றாம் தேதி அவருக்கு இருமல்தான் இருந்தது. வைத்தியர் நேற்று வந்து, கிறிஸ்துமஸ் வரை என்று சொல்லத் தயங்கினார். இதை நான் உன்னிடம் மறைக்கப் போவதில்லை, நீயும் தெரிந்துகொண்டுதான் இந்த வீட்டுக்குள் வர வேண்டும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அதனால் எழுதவில்லை. ஆனால் அவர் கேட்டு நான் தள்ளிப்போட்டேன் என்று ஒரு நாளும் இருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு ரஸ்கின் மாமா வண்டியோடு நிற்பார். ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியில் பனி விழ ஆரம்பித்துவிட்டது, கனமான கோட்டுப் போட்டுக்கொள். மாடி அறையில் படுக்கை போட்டிருக்கிறேன். வந்ததும் என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நான் பதில் பேச மாட்டேன். நேராக அவரிடம் போ. காலையில்தான் அவருக்குப் பேச்சு வருகிறது, மத்தியானத்துக்குமேல் முடிவதில்லை. அவர் பேசுகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

அண்ணி